காற்றாடிக்கு 'ஆஃப்' கிடையாது: பாய்மரப் படகில் ஃபியூஸும் சுவிட்சும் மாற்றிய கதை

படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். "ஏங்க, அந்தச் சத்தம் சரியில்லை" என்று மனைவி உலுக்கி எழுப்பினாள்.

நங்கூரம் போட்டுக் கிடந்த இடத்தில் காற்று சாயங்காலமே 25 நாட் வேகத்தைத் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) தாண்டியிருந்தது. பின்தளத்துக் கம்பத்தில் மாட்டியிருந்த, காற்றில் சுற்றி பேட்டரிக்கு மின்சாரம் தரும் காற்றாடி அப்படிப்பட்ட இரவுகளில் உறுமும். அந்த உறுமல் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது, அது கேட்டால் பேட்டரி நிறைகிறது என்று அர்த்தம். அன்று கேட்டது உறுமல் இல்லை. விசிலைப் போலத் தொடங்கி, ஏறிக்கொண்டே போய், ரம்பம் இரும்பை அறுப்பதுபோல ஒரு கூச்சலாகிவிட்டது. கம்பம் அதிர்ந்தது, கம்பத்தோடு படகின் பின்பகுதியே அதிர்ந்தது. தலைமாட்டு அலமாரியில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன.

மேலே ஏறி டார்ச் அடித்தால் இறக்கைகள் கண்ணுக்கே தெரியவில்லை. மங்கலான ஒரு வட்டம்தான் தெரிந்தது. கீழே வந்து ஆம்ப் மீட்டரைப் பார்த்தேன்: பூஜ்யம். அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஒரு ஆம்ப்கூட வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் நான் செய்தது, 'ஆஃப்' என்று நானே எழுதி ஒட்டியிருந்த பிரேக்கரைத் தட்டியது. ஒன்றும் மாறவில்லை. மாறாது என்பது பிறகுதான் புரிந்தது. லைன் ஏற்கெனவே அறுந்திருக்கிறது. அறுந்த லைனில் இன்னொரு இடத்தில் அறுத்தால் என்ன ஆகும்?

கடைசியில் கொக்கிக் கழியால் காற்றாடியின் வாலைப் பிடித்து, காற்றுக்குக் குறுக்கே இழுத்து, வாலில் கயிற்றுச் சுருக்குப் போட்டுக் கைப்பிடிக் கம்பியோடு கட்டினேன். முகம் காற்றிலிருந்து திரும்பியதும் வேகம் மெல்ல இறங்கியது. அதற்கு இருபது நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுக்க என் தலைக்கு ஒரு முழம் மேலே அந்த இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இதை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

காலையில் லாக்கரைத் திறந்து ஃபியூஸைத் தேடினேன். கார்களில் வருமே, பிளேடு மாதிரி இரண்டு கால் உள்ள 30 ஆம்ப் ஃபியூஸ், அதை வயரோடு தொங்கும் ஒரு ரப்பர் மூடி ஹோல்டரில் போட்டிருந்தேன். ஹோல்டர் உருகி, ஊற்றிய மெழுகு மாதிரி வழிந்து இறுகியிருந்தது. ஒரு பக்கத்து கிளிப் தளர்ந்து கால் வெளியே வந்துவிட்டது. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தேன்: உள்ளே கம்பி அப்படியே இருக்கிறது! மீட்டர் வைத்துப் பார்த்தாலும் தொடர்ச்சி காட்டுகிறது. ஆக, ஃபியூஸ் போகவே இல்லை. ஃபியூஸைப் பிடித்திருந்த பிளாஸ்டிக்தான் போயிருக்கிறது.

அந்த உருகின துண்டை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன். அதுவரை நான் காற்றாடியை இன்னொரு சோலார் பேனலாகவே நினைத்து வயரிங் செய்திருந்தேன். தப்பு அங்கேதான். சோலார் பேனலின் வயரைக் கழற்றிவிட்டால் அது சும்மா வெயில் காய்ந்துகொண்டு இருக்கும். காற்றாடி அப்படி இல்லை. அதன் தலைக்குள் இருப்பது நிரந்தரக் காந்த ஜெனரேட்டர். பேட்டரிக்குள் கரண்ட் போகும்போது அந்தக் கரண்டே இறக்கைகளைப் பின்னால் பிடித்து இழுக்கும் பிரேக்காக இருக்கிறது. கரண்ட் போகும் வழியை அடைத்தால் பிரேக் போய்விடும். இறக்கை கட்டவிழ்ந்து ஓடும், வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். '12 வோல்ட்' என்று பெயர் எழுதிய காற்றாடி லோடு இல்லாமல் ஓடும்போது அதைப்போலப் பல மடங்கு வோல்டேஜ் காட்டும். வீட்டிலும் காரிலும் நமக்குப் பழக்கமான விதி, 'சந்தேகம் வந்தால் லைனை அறு'. இங்கே அது தலைகீழ். காற்றாடியை நிறுத்த வேண்டுமென்றால் அதன் பிளஸையும் மைனஸையும் சேர்த்து ஷார்ட் செய்ய வேண்டும். முழு லோடும் விழுந்து இறக்கை தவழும் வேகத்துக்கு வந்துவிடும்.

கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரைப் படகுக்கு அழைத்து வந்து காட்டினேன். முதல் கேள்வியே, "தம்பி, இதை நிறுத்த என்ன வெச்சிருக்கீங்க?" என்பதுதான். பிரேக்கரைக் காட்டினேன். வீட்டு மீட்டர் போர்டில் இருக்குமே, அதே வகை. அவர் சிரிக்கவில்லை. அதை உருவி எடுத்துத் திருப்பி, மேலே எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். 230 வோல்ட் ஏசி என்று இருந்தது.

வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் திசை மாறி மாறி ஓடுவது, ஒரு வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும் (50 ஹெர்ட்ஸ் கணக்கில்). பிரேக்கரின் தொடுமுனைகள் பிரியும்போது கிளம்பும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் தானாக அணைந்துவிடும். பேட்டரி லைனில் ஒரே திசையில் ஓடும் டிசியில் பூஜ்யமே கிடையாது. பொறி ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பாலம் போட்டு எரிந்துகொண்டே இருக்கும், வோல்டேஜ் கூடக்கூட அது நீளும். லோடு இழந்த காற்றாடியின் வோல்டேஜை நினைத்துப் பாருங்கள், பிரேக்கரைத் தட்டும் அதே நொடியில்தான் அது எகிறுகிறது.

டிசிக்கென்றே வரும் பிரேக்கரிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அவர் சொல்லித்தான் தெரியும். சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கும். உள்ளே ஒரு சின்னக் காந்தம் பொறியை ஒரு பக்கமாகத் தள்ளி அணைக்கும். கரண்ட் எதிர்த் திசையில் வந்தால் அதே காந்தம் பொறியைத் தப்பான பக்கம் தள்ளும். காற்றாடி லைனில் வழக்கமான கரண்ட் காற்றாடியிலிருந்து பேட்டரிக்கு வருகிறது, ஷார்ட் ஆனால் பேட்டரியிலிருந்து எதிர்த் திசையில் பாய்கிறது. குறி போட்ட பிரேக்கரை எப்படி மாட்டினாலும் ஒரு திசைக்குத் தப்பாகத்தான் இருக்கும். அதனால் இந்த லைனில் பிரேக்கர் வைத்தே தீர வேண்டுமென்றால் இரண்டு திசைக்கும் ஆனதாகப் பார்த்து வாங்க வேண்டும். நான் பிரேக்கரையே எடுத்துவிட்டேன்.

சரி, நிறுத்துவதற்கு ஸ்டாப் சுவிட்ச். இது ஒரு மாற்றுச் சுவிட்ச். நடுவில் காற்றாடியின் பிளஸ் வரும். ஒரு பக்கம் தள்ளினால் பேட்டரிக்குப் போகும், மறு பக்கம் தள்ளினால் பேட்டரியை விட்டுவிட்டுக் காற்றாடியின் மைனஸோடு சேரும். கேட்க எளிதாக இருக்கிறதா? இங்கேதான் நான் பெரிய விபத்தை ஒட்டிப் போனேன்.

லாக்கரில் ஒரு பழைய பேட்டரி செலக்டர் சும்மா கிடந்தது. 1, 2, 'இரண்டும்', ஆஃப் என்று நான்கு நிலை உள்ள, சிவப்புக் கைப்பிடி போட்ட வகை. நூறு ஆம்பியருக்கு மேல் தாங்கும், படகுக்கென்றே செய்தது. 1-இல் பேட்டரி பிளஸ், 2-இல் மைனஸ், நடு முனையில் காற்றாடி என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, வயர் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக்குகூட அடித்து வைத்துவிட்டேன். அண்ணன் கையில் வாங்கி 1-லிருந்து 2-க்கு மெதுவாகத் திருப்பினார். நடுவில் 'இரண்டும்' என்ற இடத்தில் நிறுத்தினார். "இப்ப எது எதோட சேர்ந்திருக்கு, சொல்லுங்க" என்றார்.

பேட்டரி பிளஸும் மைனஸும். நேராக.

அந்தச் சுவிட்ச் செய்யப்பட்டதே இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே லைன் அறாமல் மாற்றத்தான். முதலில் புதியதைத் தொட்டுவிட்டுத்தான் பழையதை விடும். என் இணைப்பில் அது கையடக்கமான வெல்டிங் மிஷின் ஆகியிருக்கும். காற்றாடியின் டிசி லைனில் ஸ்டாப் சுவிட்ச் என்றால் முதலில் விட்டுவிட்டுப் பிறகு தொடுகிற வகையாக இருக்க வேண்டும். நடுவே கண்ணிமைக்கும் நேரம் லோடு இல்லாமல் போனால் பரவாயில்லை. ஆனால் உங்கள் காற்றாடியிலிருந்து மூன்று வயர் வந்து, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் கீழே தனியாக இருந்தால் கதை வேறு. அங்கே ரெக்டிஃபையருக்கு முன்னாலேயே மூன்று ஃபேஸையும் ஒன்றாக ஷார்ட் செய்துவிடலாம். ரெக்டிஃபையரின் டயோடுகள் பேட்டரிக் கரண்ட் திரும்பி வராமல் தடுத்துவிடும், பேட்டரியை அறுக்க வேண்டியதே இல்லை. அந்த மூன்று வயரில் தனித்தனியாக ஃபியூஸ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போடாதீர்கள். ஒன்று போனால் காற்றாடி நொண்டியடித்து அதிரும், பிரேக்கும் அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

சுவிட்சை வாங்கும்போது ஆம்பியரை மட்டும் பார்ப்பது வழக்கம், நானும் அப்படித்தான். வோல்டேஜையும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் படகு என்பதற்காக 12 வோல்ட் சுவிட்ச் வாங்கினால், மாற்றும் அந்தக் கண நேரத்தில் அது சந்திப்பது 12 வோல்ட்டாக இருக்காது. நான் 48 வோல்ட் டிசிக்கு எழுதப்பட்டதை எடுத்தேன். புதிதாக மாட்டியதும் பேட்டரியை இணைப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே வைத்து, கைப்பிடியை மிக மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். எந்த இடத்திலும் பீப் வரக்கூடாது. பத்துத் தடவை செய்தேன். பயம்தான்.

ஸ்டாப் சுவிட்ச் இருந்தால் எந்தக் காற்றிலும் நிறுத்தலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஷார்ட் செய்யப்பட்ட ஜெனரேட்டரின் பிடிமானம் குறைந்த வேகத்தில்தான் அதிகம். ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் பிடிமானம் குறைய ஆரம்பிக்கும், கரண்டோ சுருள்களைச் சுட்டுக்கொண்டே இருக்கும். சூறைக் காற்றில் முழு வேகத்தில் ஓடுவதை ஷார்ட் செய்தால் அது நிற்காமலே சுற்றிச் சுற்றிச் சுருளை எரித்துவிடலாம். காற்று ஏறப்போகிறது என்று தெரிந்தால் ஏறும் முன்பே நிறுத்துகிறேன். தவறவிட்டால், வீச்சு தணியும் இடைவெளிக்குக் காத்திருந்து அப்போது சுவிட்சைத் தள்ளுகிறேன். வாலில் இப்போது நிரந்தரமாக ஒரு மெல்லிய கயிறு தொங்குகிறது, கொக்கிக் கழி தேடி ஓட வேண்டியதில்லை. இரவு முழுக்க நிறுத்தி வைப்பதானால் இறக்கையையும் கயிற்றால் கட்டிவிடுகிறேன்.

அடுத்தது ஃபியூஸ். ஃபியூஸ் எதைக் காப்பாற்றுகிறது என்று என்னிடம் யாராவது அப்போது கேட்டிருந்தால் "காற்றாடியை" என்று சொல்லியிருப்பேன். காற்றாடிக்கு ஃபியூஸ் எதிரி. அது காப்பாற்றுவது கேபிளை, அதுவும் பேட்டரியிடமிருந்து. காற்றாடி எவ்வளவு முக்கினாலும் அதன் சுருள் அனுமதிக்கும் சில பத்து ஆம்ப்தான் தரும். பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கம்பத்துக்குள் எங்கோ கேபிள் உரசிப் பிளஸ் வயர் இரும்பைத் தொட்டுவிட்டால் நெருப்பு வருவது பேட்டரிப் பக்கத்திலிருந்துதான். ஆகவே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில். படகு மின் இணைப்புக்கான அமெரிக்கத் தரமான ஏபிஒய்சி ஈ-11, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் என்கிறது, வயரின் நீளத்தை அளந்துதான் அந்த 7 அங்குலம். என் ஃபியூஸ் ஒன்றரை மீட்டர் தள்ளி, கைக்கு எட்ட வசதியாக லாக்கர் வாசலில் தொங்கியது. அந்த ஒன்றரை மீட்டருக்குப் பாதுகாப்பே இல்லை.

அளவு விஷயத்தில் நான் செய்த தப்பு பெரும்பாலானவர்கள் செய்வதுதான். கையேட்டில் 400 வாட், சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட், வகுத்தால் 28.6 ஆம்ப், ஆகவே 30 ஆம்ப் ஃபியூஸ். சோலாருக்கு இந்தக் கணக்கே கொஞ்சம் இறுக்கம். காற்றுக்கு ஒத்தே வராது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். இறக்கை வட்டம் 1.15 மீட்டர் உள்ள என் காற்றாடி 10 நாட் காற்றில் 2 ஆம்ப் தரும், 20 நாட்டில் 15-16 தரும். 30 நாட்டுக்கு அதே கணக்கைப் போட்டால் 50 ஆம்ப் வருகிறது. அவ்வளவு நிஜத்தில் வராது, ஜெனரேட்டரே மூச்சு வாங்கிவிடும். ஆனால் பலமான வீச்சில் 38 ஆம்ப் காட்டி நான் பார்த்திருக்கிறேன். லேபிளில் உள்ள வாட், ஒரு குறிப்பிட்ட காற்று வேகத்தில் அளந்தது. கடலுக்கு அந்த லேபிளைப் படிக்கத் தெரியாது.

வேறு இடத்தில் ஃபியூஸ் சும்மா போனால் எரிச்சல்தான், விளக்கு எரியாது, மாற்றிவிடலாம். இங்கே அது போகும் நேரம் காற்று உச்சத்தில் இருக்கும் நேரம், போன மறு நொடி காற்றாடி கட்டவிழும். அதனால் காற்றாடி தரக்கூடிய உச்சத்துக்கு நன்றாக மேலே ஃபியூஸ், அந்த ஃபியூஸைவிட நன்றாக மேலே கேபிள். இந்த வரிசையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது என்னிடம் 50 ஆம்ப் ஃபியூஸும் 16 சதுர மில்லிமீட்டர் கேபிளும் இருக்கின்றன. அந்தக் கேபிளுக்கு 50 ஆம்ப் ஒரு பொருட்டே இல்லை.

ஃபியூஸில் இன்னொரு எண் உண்டு, பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும்: எவ்வளவு பெரிய ஷார்ட் கரண்டைப் பத்திரமாக அறுக்க முடியும் என்பது. காரில் வரும் பிளேடு ஃபியூஸுக்கு அது 1,000 ஆம்ப். பேட்டரி முனையிலேயே திருகும் எம்ஆர்பிஎஃப் வகைக்கு 14 வோல்ட்டில் 10,000 ஆம்ப். கிளாஸ் டி (Class T) ஃபியூஸுக்கு 20,000. பேட்டரி மூவாயிரம், நாலாயிரம் ஆம்ப் கொட்டும்போது ஆயிரத்துக்குச் செய்த ஃபியூஸின் கம்பி உருகும், ஆனால் பொறி அணையாமல் உடம்பே வெடித்து எரியக்கூடும். லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு வைத்திருக்கும் எனக்கு எம்ஆர்பிஎஃப் போதும். முனையின் மேலேயே உட்கார்வதால் 7 அங்குலக் கணக்கும் தீர்ந்தது, ஹோல்டர் வயரில் தொங்கும் தொல்லையும் தீர்ந்தது. லித்தியம் பேட்டரியாக இருந்தால் கிளாஸ் டி-க்குக் கீழே போகமாட்டேன்.

இப்போது அந்த உருகின ஹோல்டருக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் சரியான அளவில் வாங்கிய பிறகும் அதே விபத்து மறுபடி நடக்கலாம். 30 ஆம்பைக் கடக்காமலே அது ஏன் உருகியது? உப்புக் காற்றில் ஆறு மாதம் இருந்த அந்தப் பித்தளைக் கிளிப்பில் பச்சைப் பூத்திருந்தது. தொடுமுனையில் 20 மில்லிஓம் தடை சேர்ந்தால் போதும். 30 ஆம்ப் போகும்போது அந்த ஒரே புள்ளியில் 18 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் அளவுதான். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பிக்குள் வைத்து மூடி, மேலே ரப்பர் தொப்பியும் போட்டு, ராத்திரி முழுக்க விட்டால்? கிளிப் சூடேறினால் அதன் ஸ்பிரிங் இறுக்கம் போகும், இறுக்கம் போனால் தடை கூடும், கூடினால் இன்னும் சூடு. ஃபியூஸுக்குக் கரண்ட் அளவுதான் தெரியும், பக்கத்தில் நடக்கும் இது தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு, மல்டிமீட்டர் போதும். காற்று 20 நாட் அளவில் வீசி மீட்டர் 15, 20 ஆம்ப் காட்டும்போது, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வோர் இணைப்புக்கும் குறுக்கே தொட்டுப் பாருங்கள்: லக்கிலிருந்து அது உட்காரும் மரைக் கம்பியான ஸ்டட்டுக்கு, ஃபியூஸின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு, சுவிட்சின் உள்ளே நுழையும் முனையிலிருந்து வெளியேறும் முனைக்கு. 20 ஆம்பில் 20 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஓம், நிம்மதி. 400 மில்லிவோல்ட் காட்டினால் அங்கே 8 வாட் சூடு உட்கார்ந்திருக்கிறது, அன்றைக்கே பிரித்துப் பார்க்க வேண்டும். என்னுடைய புதிய இணைப்புகளில் ஒன்றே ஒன்று 90 காட்டியது. பிரித்தால், லக்குக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே நான் ஒரு ஸ்டீல் வாஷரைச் செருகியிருந்தேன். கரண்ட் முழுக்க அந்த வாஷர் வழியாகப் போகிறது. லக்கு நேராகத் தாமிர முகத்தில் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே. எத்தனை வருஷம் படகில் வேலை செய்தாலும் கை தானாக வாஷரைத்தான் முதலில் எடுக்கிறது.

லக்கைச் சால்டர் செய்தால் உறுதி என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். ஈயம் இழைகளுக்குள் ஊறி நிற்கும் இடத்தில் கேபிள் வளையாத குச்சியாகிவிடும். காற்றாடிக் கம்பத்தின் அதிர்வில் அந்த ஓரத்தில்தான் இழை இழையாக அறும். வெள்ளீயம் பூசிய தாமிரக் கேபிள், அதே அளவு லக்கு, லக்கை அழுத்திப் பிடிக்கவைக்க அந்த அளவுக்கான கிரிம்பிங் பிளையர், மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். சுத்தியலால் தட்டி நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

கேபிள் தடிமன் கணக்கு சின்னதுதான். கம்பத்தின் உச்சியிலிருந்து பேட்டரிக்கு 7 மீட்டர், போக வர 14. ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு 0.0175 ஓம் தடை. என்னிடம் முதலில் இருந்த 6 சதுர மில்லிமீட்டரில் 30 ஆம்புக்கு 1.2 வோல்ட் வழியிலேயே காணாமல் போனது, 16-இல் 0.46 வோல்ட். 25 போட்டிருந்தால் இன்னும் நல்லது, கம்பத்தின் அடித்துளையில் நுழையவில்லை, அதனால் 16-இல் நின்றேன். சாதாரண நாளின் 8 ஆம்பில் 0.12 வோல்ட்தான் இழப்பு, அதற்காக அழ வேண்டியதில்லை.

பேட்டரி நிறைந்த பிறகு என்ன செய்வது என்பது தனித் தலைவலி. அறுக்க முடியாது என்பதால் உபரிக் கரண்டை வேறெங்காவது விட வேண்டும். டம்ப் லோடு என்று சொல்லும் பெரிய ரெசிஸ்டர்கள், பேட்டரி நிறைந்ததும் கரண்டை அவற்றுக்குத் திருப்பிவிட ஒரு கன்ட்ரோலர். சோலாருக்கு வாங்கிய சாதாரண கன்ட்ரோலரில் காற்றாடியை மாட்டக் கூடாது. அதன் வேலையே பேட்டரி நிறைந்ததும் லைனை அறுப்பது. 14.4 வோல்ட்டில் 40 ஆம்பை விழுங்க 0.36 ஓம், அதாவது 576 வாட். அறை ஹீட்டரில் பாதி! நான் முதலில் வாங்கியது 300 வாட் ரெசிஸ்டர், 'எப்பவும் உச்சத்திலா ஓடப்போகிறது' என்ற சமாதானத்தில். பேட்டரி நிறைந்திருப்பதும் காற்று பலமாக இருப்பதும் ஒரே ராத்திரியில்தான் வரும், ஏனென்றால் நிறைத்ததே அந்தக் காற்றுதானே. நிலத்தில் அமைப்பவர்களுக்கான அமெரிக்க மின் விதித்தொகுப்பு, இந்தத் திருப்பிவிடும் லைனின் வயரும் ஃபியூஸும் கன்ட்ரோலரின் உச்ச அளவில் குறைந்தது 150 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. படகுக்கும் அதையே எடுத்துக்கொண்டேன். ரெசிஸ்டர்கள் இப்போது அலுமினியத் தகட்டில், பலகையிலிருந்து நாலு விரல் இடைவெளியில், மேலே காற்றுப் போக்கோடு இருக்கின்றன. பாய்ப் பை வைக்கும் இடம் அது. பையை வேறிடத்துக்கு மாற்றியதில்தான் வீட்டில் சண்டை.

மின்னலுக்குச் சர்ஜ் அரெஸ்டர் ஒன்று வைத்திருக்கிறேன். தூரத்து மின்னலின் அதிர்ச்சியைத் தாங்கும், நேராக விழுந்தால் அதுவும் போகும். பெட்ரோல் இன்ஜினோ கேஸ் சிலிண்டரோ உள்ள அறையில் சுவிட்ச், ரிலே எது வைத்தாலும் பொறி வெளியே வராத வகை, ஐஎஸ்ஓ 8846 என்று எழுதியதாகப் பார்த்து வாங்க வேண்டும். எனக்கு டீசல் என்பதால் அந்தக் கவலை இல்லை.

சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், மனைவியின் கையெழுத்து. பேட்டரி லைனில் எது கழற்றுவதானாலும் முதலில் ஸ்டாப், பிறகு இறக்கை நின்றதா என்று மேலே போய்க் கண்ணால் பார், பிறகு ஃபியூஸ். திரும்ப மாட்டும்போது ஃபியூஸ் முதலில், ஸ்டாப்பை எடுப்பது கடைசியில். 'கண்ணால்' என்ற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள்.

இப்போது லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா என்ற பேச்சு படகில் ஓடுகிறது. அண்ணனிடம் கேட்டேன். லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட், வோல்டேஜ் கூடினால் நம்மைக் கேட்காமலே தன்னை அறுத்துக்கொள்ளும். அந்த நொடியில் காற்றாடிக்கு லோடு போகும். எகிறும் வோல்டேஜ் அதே லைனில் இருக்கும் ரேடியோ, கடல் வரைபடம் காட்டும் சார்ட் பிளாட்டர் எல்லாவற்றுக்குள்ளும் பாயும். டம்ப் கன்ட்ரோலரும் பேட்டரியை நம்பித்தான் ஓடுகிறது, அதுவும் தடுமாறும். "லெட்-ஆசிட் ஒண்ணைக் கழட்டாம வைங்க, காற்றாடி அதுக்குள்ளயே போகட்டும், அதிலிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியா லித்தியத்துக்கு எடுத்துக்கங்க" என்றார். ஒரு பேட்டரியிலிருந்து எடுத்து இன்னொன்றை நிறைக்கும் கருவி அந்தச் சார்ஜர். லித்தியம் அறுத்துக்கொண்டாலும் காற்றாடிக்குப் பிடிக்க ஒரு கை இருக்கும். பழைய பேட்டரிகளில் ஒன்று இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. டிசி-டிசி சார்ஜரை எங்கே மாட்டுவது என்று பார்த்தால், காலியாக இருக்கும் ஒரே இடம் அந்த ரெசிஸ்டர் தகட்டுக்கு நேர் மேலே. சூடு மேலே ஏறும் என்பதால் அது வேலைக்கு ஆகாது. இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.